கோவாத் தோட்டத்தில் எடுத்த படம்

காலை 5.50. படலையை மெல்லச் சாத்திவிட்டுப் புறப்பட்டேன். கொரோனா ஊரடங்கின் பதினெட்டாம் நாள். சுன்னாகத்துக்கும் தெல்லிப்பழைக்கும் நடுவிலுள்ள எங்கள் ஊரில், பிரதான வீதிக்கு ஏறினால்தான் பொலிஸ் மறிக்கும். தோட்டங்களுக்குள் போகும் ஒழுங்கைகளில் கேட்பாரில்லை. பள்ளிக்கூடம் பூட்டியதிலிருந்து ஆசிரியனான எனக்கு நாளுக்கு மூன்று கிலோமீற்றர் நடையும் தோளில் கமராவும்தான் வேலை. உண்மையைச் சொன்னால், என் வாழ்வின் மிக மகிழ்ச்சியான காலைகள் அவை. நாற்பத்திரண்டு வருடம் வாழ்ந்த ஊரில் செண்பகப் பறவை எந்த வேலிக்குள் கூடு கட்டுகிறது என்று அப்போதுதான் கண்டேன்.

6.20. வீட்டிலிருந்து எண்ணூறு மீற்றர். சந்தை பூட்டிக் கிடந்ததால் வெட்டாமல் விட்ட கோவாத் தோட்டம். கோவா என்று நாங்கள் சொல்லும் முட்டைக்கோசுகள் முற்றி வெடித்திருந்தன. செம்மண், ஈரம், சாய்ந்த வெயில். நடுவில் சிவப்புச் சேலை உடுத்த ஒரு பெண் குனிந்து, வெடித்த கோவாக்களில் அழுகாத இலைகளாகப் பார்த்து உரித்துப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். என்னை அவர் காணவில்லை. ஏழு படம் எடுத்தேன். ஏழாவது அற்புதமாக வந்தது. ‘ஊரடங்கிலும் ஓயாத உழைப்பு’ என்று எழுதி அன்றே என் முகநூல் பக்கத்தில் போட்டேன். மாலைக்குள் அதை யார் யாரோ பகிர்ந்துவிட்டார்கள். சாப்பிடும்போதும் எடுத்தெடுத்துப் பார்த்தேன்.

படம் போட்ட மூன்றாம் நாள், காலை 6.30. அதே ஒழுங்கை. ஒரு சின்ன வீட்டு வாசலில் அந்தப் பெண் எனக்காகக் காத்து நின்றார். வயது ஐம்பத்தைந்து இருக்கும்.

“தம்பி, நீங்கள்தானே படம் பிடிக்கிறனீங்கள்?”

“ஓம் அக்கா.” பாராட்டப்போகிறார் என்றே நினைத்தேன்.

“என்ரை மோள் கொழும்பிலை தையல் வேலை. இப்ப போடிங் அறைக்குள்ளை அடைபட்டுக் கிடக்கிறாள். நான் சுன்னாகச் சந்தையிலை நல்ல வெங்காயம் தெரிஞ்செடுக்கிற வேலைக்குப் போறனான். சந்தை பூட்டினாலும் முதலாளி அரிசி பருப்புத் தாறார் எண்டு அவளுக்குச் சொல்லி வைச்சனான். உங்கடை படத்திலை என்ரை சீலையைக் கண்டிட்டாள். மரக்கறி லொறியிலை ஒளிச்சாவது வாறன் எண்டு நிக்கிறாள். பிடிபட்டால் என்ன செய்யிறது? நீங்களே கதைச்சு மறியுங்கோ.”

மகளின் எண்ணை அழுத்திப் போனை என் கையில் தந்தார்.

“தங்கச்சி, அம்மா ஆட்டுக்குத்தான் இலை பொறுக்கினவ,” என்றேன். வாயில் வந்தது அதுதான்.

மகள் சொன்னாள்:

“எங்களிட்டை ஆடு இல்லை, அண்ணை.”

என் முகம் எரிந்தது. தாய் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“பிழை என்ரைதான். அம்மாவைக் கேக்காமல் எடுத்துப் போட்டன். ஒவ்வொரு நாளும் காலமை வந்து பாக்கிறன். நீங்கள் லொறியிலை ஏற வேண்டாம்.”

“அம்மாவிட்டைக் குடுங்கோ.”

தாய் வேலிப்பக்கம் திரும்பி நின்று நெடுநேரம் கதைத்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ஏறமாட்டாளாம்,” என்றார்.

7.10. வீட்டுக்கு வந்து படத்தை நீக்கினேன். ஏற்கெனவே பகிர்ந்தவர்களின் பக்கங்களில், ‘என்ன வெளிச்சம்!’ என்ற பாராட்டோடு அது அப்படியே கிடந்தது. நடந்ததை மனைவியிடம் சொன்னேன். அரிசியும் பருப்பும் அளந்து பையில் கட்டித் தந்தாள்.

கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த அக்கா தயங்கித்தான் வாங்கினார்.

“இதையும் படம் பிடிப்பீங்களோ, தம்பி?”

அவர் குத்திக் காட்டவில்லை. அறிந்துகொள்ளத்தான் கேட்டார்.

“இல்லை அக்கா,” என்றேன்.

வீதிகள் திறக்கும்வரை நாள் தவறாமல் போனேன். முதல் பஸ்களில் ஒன்றில் மகள் வந்து சேர்ந்தாள். இருபத்துநான்கு வயது. தாய் உள்ளே தேத்தண்ணி போட, அவள் வாசலில் நின்று சொன்னாள்:

“அண்ணை, அந்தப் படத்தைப் பாத்துத்தான் அம்மா மெலிஞ்சது தெரிஞ்சுது. நீங்கள் போடாட்டி எனக்குத் தெரிஞ்சிராது. அதுக்காக உங்களுக்கு நன்றி சொல்ல மாட்டன்.”

“ஓம்,” என்றேன்.

தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வெளிக்கிட்டேன். அந்த ஏழாவது படத்தை என் பக்கத்திலிருந்து நீக்கினேனே தவிர, கமராவிலிருந்து இன்னும் அழிக்கவில்லை. நான் எடுத்தவற்றில் அதுதான் மிக நல்ல படம். இதைச் சொல்லத்தான் எனக்கு அதிகம் வெட்கமாக இருக்கிறது.