அழித்துவிட்ட செய்திகள்

நான் பெண் காவலராக இருக்கும் சைபர் கிரைம் பிரிவுக்கு, போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் ஓர் அம்மா பள்ளியில் படிக்கும் மகளோடு வந்தார். முகம் தெரியாத ஒருவன் அந்தப் பிள்ளையின் படங்களை வாங்கிவைத்துக்கொண்டு செல்போனில் மிரட்டியிருந்தான். அவன் அனுப்பிய செய்திகளைக் கேட்டேன். எல்லாவற்றையும் தானே அழித்துவிட்டதாக அம்மா சொன்னார்.

"எதுக்கு அழிச்சீங்க? அது ஒண்ணுதானே சாட்சி" என்று எரிந்து விழுந்தேன்.

"சொத்தைக் காயைப் பாத்ததும் எடுத்து எறிஞ்சே பழகின கை, ஆத்தா" என்றார்.

என் கோபம் போய்ச் சேரவேண்டியவன் எங்கேயோ இருந்தான்.

செல்போனை ஆய்வுக்கு அனுப்பியும் ஒன்றும் கிடைக்கவில்லை. அதைச் சொன்னபோது அம்மா அழுதார். பிள்ளை அழவில்லை.

"அப்ப அவன் இந்நேரம் வேற பிள்ளைகிட்டப் பேசிக்கிட்டு இருப்பானாக்கா?" என்று என்னைக் கேட்டது.