சட்டித்தலையனின் இரண்டாம் பாகம்

ஃபூ என்று ஓர் ஊதல். அவ்வளவுதான். மகளுடைய சுடிதாரின் தோளைப் பிடிக்கக் கொடுத்துவிட்டு ஆல்ட்ரேஷன் கடை வாசலில் நின்றிருந்தேன். டெய்லர் தைப்பதை நிறுத்தி, மிஷினுக்குள் குனிந்து, அடைத்திருந்த பஞ்சை ஊதித் தள்ளினார். எண்ணெயும் சூடேறிய பஞ்சும் கலந்த மணம் முகத்தில் வந்து மோதியது. திருப்பூரில் பிறந்தவர்களுக்கு அது ஒரு மணமே இல்லை. காற்று என்றால் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்து வளர்ந்தவர்கள் நாங்கள். ஆனால் அந்த ஊதல் என்னவோ செய்தது. உதட்டைக் குவித்து, கண்ணைச் சுருக்கி, கைக்குழந்தையின் கண்ணில் விழுந்த தூசியை எடுப்பதுபோல் அத்தை அப்படித்தான் ஊதுவாள், டிவி கேம் கேசட்டுக்குள்.

எனக்கோ வேலை முடிந்து வந்த அலுப்பு. வீட்டில் மகள் ஏதோ ஒரு விளையாட்டின் எத்தனையாவதோ பாகம் வந்துவிட்டதென்று காலையிலிருந்து திரையை விட்டு எழவில்லை. இதில் என்னடி புதுசு என்று கேட்டால் எல்லாமே புதுசு என்கிறாள். எனக்குப் பார்த்தால் அதே ஓட்டம், அதே அடி. இரண்டாம் பாகங்களைப் பற்றி எனக்கு இருக்கிற சந்தேகம் அத்தையிடமிருந்து வந்தது.

எங்கள் வீட்டுக்கு டிவி கேம் வந்ததே ஒரு வம்பு. தொண்ணூறுகளின் தொடக்கம். அப்பா நிட்டிங் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தார். தீபாவளி போனசில் கிரைண்டர் வாங்கிவருவதாகச் சொல்லிக் கோயமுத்தூருக்குப் போனார். கொண்டுவந்த பெட்டியைப் பிரித்தால், உள்ளே இரண்டு வால் முளைத்த கறுப்புப் பொருள் ஒன்று இருந்தது. அம்மா அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"இதுல அரிசிய எந்தப் பக்கம் போடறதுங்க?" என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு அம்மா ஆட்டுக்கல்லில் உட்காரும்போதெல்லாம் அந்தக் கேள்வியும் கல்லோடு சேர்ந்து சுற்றும்.

கூட வந்த ஒரே கேசட்டில் ஒரே விளையாட்டு. தலையில் சட்டியைக் கவிழ்த்ததுபோல் தொப்பி போட்ட குட்டி ஆள் ஒருவன். அவனுக்கு அவர்கள் ஊரில் என்ன பெயரோ, எங்களுக்குச் சட்டித்தலையன். மேலே ஒட்டியிருந்த படத்தில் சட்டி சிவப்பு. எங்கள் கறுப்பு வெள்ளை டிவியில் சாம்பல். அத்தை மட்டும் அது பச்சை என்று அடித்துச் சொல்வாள். அவன் வலது பக்கமாக ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நின்றால் இடது ஓரம் சுவர்போல் வந்து முதுகில் தள்ளும். தாண்டிவந்த இடத்துக்குத் திரும்ப முடியாது. ஒரு வௌவால் உரசினாலும் செத்துவிடுவான். எல்லாம் தாண்டிப் போனால் ஒரு கோட்டை. கோட்டைக்குள் நுழைந்தால் மறுபடி முதல் தெருவே வரும், இன்னும் வேகமாக.

அத்தை அப்பாவின் தங்கை. கல்யாணத்துக்கு முன் எங்களோடு இருந்து பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தைத்தவள். வெள்ளகோவிலில் தறிக்காரருக்குக் கட்டிக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு அவள் வருவாள். கொஞ்ச நாள் இருப்பாள். புதுச்சேலை ஒன்று எடுத்துக் கொடுத்து, பழம் பூவோடு அப்பா பஸ்சில் கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு வருவார். டிவி கேம் வந்த அடுத்த வருஷம் அவள் வந்தபோது யாரையும் கேட்காமல் பழைய கம்பெனியிலேயே போய் மறுபடி மிஷினில் உட்கார்ந்துவிட்டாள். கம்பெனிப் பெண்கள் எல்லாரையும்போல, பஞ்சு ஒட்டாமலிருக்கச் சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை போட்டுக்கொள்வாள். அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டை. ஞாயிற்றுக்கிழமையும் அதைக் கழற்ற மாட்டாள். பழகிப்போச்சு கண்ணு என்பாள். எனக்கும் அது சரியாகவே பட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் சட்டித்தலையனை ஓட்டுவதைப் பார்க்க வேண்டும். நான் பல்லைக் கடித்துக்கொண்டு குதிப்பேன். அவள் சுவரில் சாய்ந்து, பாதிக் கண்ணை மூடி, விளையாட்டுப் பாட்டின் தாளத்தை வைத்தே பட்டனை அழுத்துவாள். எங்கே பள்ளம், எங்கே வௌவால் என்று விரலுக்குத் தெரியும். வலது கால் மட்டும் மிஷின் பெடலில் இருப்பதாக நினைத்துக்கொண்டு தரையை மிதிக்கும். வாரம் முழுக்கத் தைத்துவிட்டு வந்து அவள் ஓய்வெடுத்தது அப்படித்தான். ஓடிக்கொண்டே தூங்குவாள்.

ஆடி முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாமா வந்தார். அத்தையின் வீட்டுக்காரர். கூடவே அவருடைய பெரியப்பாவும். எனக்கு மாமாவை ரொம்பப் பிடிக்கும். பைக்கின் டேங்க் மேல் உட்காரவைத்து ஊரைச் சுற்றிக் காட்டுவார். அவர்மேல் எப்போதும் சோப்பு மணம் அடிக்கும். அன்று ஆப்பிள், பிஸ்கட்டோடு எனக்கென்று காகிதத்தில் சுற்றிய ஒரு பொருளையும் நீட்டினார். பிரித்தேன். சட்டித்தலையன், இரண்டாம் பாகம். மேல் படத்தில் கையில் வாளோடு சிங்கத்தின்மேல் உட்கார்ந்திருந்தான். அந்த நிமிஷமே நான் மாமாவின் கட்சி. இவர்கள் எதற்கு வந்திருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. அவளைக் கூட்டிக்கொண்டு போக வந்திருக்கிறார்கள். அலமாரியில் புதுச்சேலை முந்தின நாளே வந்து உட்கார்ந்திருந்தது.

எங்களுடையது லைன் வீடு. ஒரே அறை, அதிலேயே ஓரமாகச் சமையல். பக்கத்து வீட்டில் நாற்காலி வாங்கிப் போட்டு ஆண்கள் வாசலில் உட்கார்ந்தார்கள். பேசுவது உள்ளே கேட்கும். உள்ளே இருப்பவர்கள் பேச வேண்டியதில்லை.

"சின்னஞ்சிறுசுக, முன்னப்பின்னத்தான் இருக்கும்," என்றார் பெரியவர்.

"ஆமாங்க," என்றார் அப்பா.

"தறிக்கு ஒத்த ஆளா நிக்கிறான் பையன். ஊடுன்னா ரெண்டு பேரும் வேணுமில்லீங்களா?"

"ஆமாங்க."

அப்பா நைட் ஷிப்ட் முடித்து வந்தவர். அவருக்கு எல்லாவற்றுக்கும் ஆமாங்கதான். அம்மாவும் அலுத்துப் போயிருந்தாள். ஒரு அறையில் நான்கு பேர், ஒரு வாளித் தண்ணீருக்கு வரிசை. அத்தை போனால் கொஞ்சம் கை காலை நீட்டலாம் என்று அவள் யாரிடமோ சொன்னதை நானே கேட்டிருக்கிறேன்.

நான் கேசட்டைச் செருகினேன். படம் வரவில்லை. அத்தை அதை எடுத்து ஃபூவென்று ஊதிச் செருகினாள். வந்தது. வாளும் இல்லை, சிங்கமும் இல்லை. அதே சட்டித்தலையன்தான், கொஞ்சம் பெருத்திருந்தான். பாட்டு மெதுவாக இழுத்தது.

"பின்னாடி யாரும் தள்றதில்லையா இதுல?" என்றாள் அத்தை.

"இல்லீங்கத்தை. நின்னாலும் நிக்கலாம்."

"நின்னா ஒண்ணும் ஆவாதா?"

அவனை ஒரு மரத்தடியில் நிறுத்திப் பார்த்தாள். இலை அசைந்தது. மேகம் போனது. யாரும் வந்து முதுகில் மோதவில்லை. அட, என்றாள். அவளுடைய வலது கால் தரையில் சும்மா கிடந்ததை அப்போதுதான் பார்த்தேன். இப்படியே வைத்திருந்தால் எனக்கு எப்போது முறை வருவது? போங்கத்தை, போங்க என்று விரட்டினேன்.

இரண்டடி போவதற்குள் ஒரு வௌவால் இடித்தது. அத்தை பழக்கத்தில் விளையாட்டு ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

"செத்துட்டான்."

"சாகலீங்கத்தை. மேல பாருங்க, வரிசையாக் கட்டம் இருக்குதல்ல? அதுல ஒண்ணுதான் போச்சு. இவன் இன்னும் இருக்கறான்."

"அடிச்சாச் சாக மாட்டானா?"

"கட்டம் தீர்ற வரைக்கும் சாக மாட்டான். நல்லதுதானே?"

அத்தை அவனைக் கொஞ்ச தூரம் ஓட்டினாள். இன்னொரு அடி. இன்னொரு கட்டம். அடிபடும்போது அவன் ஒருமுறை மின்னி மறைந்து, பிறகு ஒன்றும் நடக்காததுபோல் நடந்தான்.

"அதுல ஒரே அடி. முடிஞ்சுதுன்னு தெரிஞ்சுரும்," என்றாள். "இவன் என்னமோ வாங்கிக்கிட்டே நடக்கறான் பாரு."

எனக்கு எரிச்சலாக வந்தது. மாமா ஆசையாக வாங்கி வந்ததற்கு இவள் குறை சொல்லுகிறாளே. இதன் பெருமையைக் காட்ட, விட்டுவந்த பழத்தைத் திரும்பிப் போய் எடுக்கலாம் என்று சொல்லிக் கொடுத்தேன். அவள் நம்பவில்லை. பிறகு மெல்ல இடது பட்டனை அழுத்தினாள். அவன் திரும்பினான். பின்னால் சுவர் இல்லை. போன தெரு அப்படியே இருந்தது. அத்தையின் முகம் கொஞ்சம் மலர்ந்தது என்றுதான் நினைக்கிறேன். அடுத்த திரையில், அவள் மிதித்துக் கொன்ற வௌவால்கள் எல்லாம் இருந்த இடத்திலேயே பறந்துகொண்டிருந்தன.

"இதுகளத்தான் கொன்னமே கண்ணு."

"திரும்பிப் போனா மறுபடி வரும்ங்க. செகண்ட் பார்ட்டுன்னா அப்படித்தான்," என்றேன், அந்தக் கேம் கம்பெனியை நடத்துகிறவள்போல.

"அப்பறம் எதுக்கு ஒருத்தன் திரும்பிப் போவான்?"

அம்மா டீயை என்னிடம் கொடுத்து வாசலுக்கு அனுப்பினாள். மாமா என் கன்னத்தைக் கிள்ளி, கேசட் எப்படி என்று கேட்டார். அத்தை விளையாடுகிறாளா என்றும் கேட்டார்.

"ஆடறாங்க மாமா. ஆனா பழசுதான் நல்லாருக்குதாமா."

"அவளுக்கு எதுதான் புடிச்சிருக்குது," என்று மாமா சிரித்தார். பெரியவரும் சிரித்தார். அப்பா சிரித்தாரா என்று நினைவில்லை.

நான் உள்ளே வருவதற்கும் கரண்ட் போவதற்கும் சரியாக இருந்தது. சட்டித்தலையன் ஒரு புள்ளியாகச் சுருங்கி அணைந்தான். மின்விசிறி நின்றது. தலைக்கு மேல் சிமெண்ட் அட்டைக் கூரை. கொஞ்ச நேரத்தில் அறை வெந்தது. அத்தையின் கழுத்தில் வேர்வை வழிந்தது.

"அந்தச் சட்டையத்தான் கழட்டிப் போடேன் அம்மிணி. பாக்கற எனக்கே மூச்சு முட்டுது," என்றாள் அம்மா.

"இருக்கட்டுங்க அண்ணி."

"என்ன இருக்கட்டும்? ஆம்பளைக வெளியிலதான இருக்கறாங்க."

அம்மா சலிப்போடு வந்து, சின்னப் பிள்ளைக்குச் செய்வதுபோல் தானே பட்டனை அவிழ்த்துச் சட்டையை உருவினாள். அத்தை தடுக்கவில்லை. தடுக்கிற தெம்பு இல்லை என்று இப்போது தோன்றுகிறது.

அம்மா கம்பெனியில் செக்கிங் பார்ப்பவள். டியூப்லைட்டுக்குக் கீழே பனியனை விரித்து, முன்பக்கம், பின்பக்கம், அக்குள், ஓரம் என்று திருப்புவாள். கண் பார்க்கும் முன்னால் கட்டைவிரல் ஓடும். ஓட்டை, எண்ணெய்க் கறை, ஊசி இழுத்த இடம், எதுவும் அந்த விரலுக்குத் தப்பாது. சாப்பாடு கொண்டுபோகும்போது நான் அதைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். அன்று அவள் அத்தையின் கையைப் பிடித்து வாசல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள். கட்டைவிரல் முழங்கையிலிருந்து மேலே ஓடியது. ஓரிடத்தில் நின்றது. கையைத் திருப்பினாள். உள்பக்கம் இன்னோரிடத்தில் நின்றது. பிறகு மற்ற கை.

"தறி பெல்ட்டு பட்டதும்மா," என்றேன் நான். முன்பொரு நாள் சட்டைக்கை விலகித் தழும்பு தெரிந்தபோது அத்தை எனக்கு அப்படித்தான் சொல்லியிருந்தாள்.

"பெல்ட்டு பட்டா ஒரு பக்கந்தான் படும்," என்றாள் அம்மா. என்னிடம் சொல்லவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. அப்புறம் அத்தையிடம் மெதுவாகக் கேட்டாள். "போன தடவை அனுப்பறப்பவும் இருந்துதா?"

அத்தை ஆமென்று தலையை ஆட்டினாள். டிவியின் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மா ஈரக்கையை முந்தானையில் துடைத்தபடி வாசலுக்குப் போனாள். ஆண்கள் பேசுகிற இடத்தில் அவள் போய் நின்று நான் பார்த்ததில்லை.

"அம்மிணி வரமாட்டாளுங்க," என்றாள்.

பெரியவர் அப்பாவைப் பார்த்தார். "ஏனுங்க, பொம்பளைங்க பேசற எடமுங்களா இது?"

"வெய்யல் தாந்திருச்சுங்க. டீயக் குடிச்சுட்டு நீங்க பொறப்படுங்க," என்றாள் அம்மா. ஒரு சொல்லிலும் மரியாதை குறையவில்லை. இவ்வளவு ‘ங்க’ போட்டு ஒருவரை வீட்டைவிட்டு அனுப்ப முடியும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அப்பா கொஞ்ச நேரம் காலி டம்ளரைப் பார்த்தார். நிமிர்ந்து அம்மாவின் முகத்தைப் பார்த்தார். அங்கே என்ன இருந்ததோ.

"அவ சொன்னதுதானுங்க மாப்பிள்ளை," என்றார்.

அலமாரியிலிருந்த புதுச்சேலையை அத்தை மறுநாள் கம்பெனிக்குக் கட்டிக்கொண்டு போனாள். பிறகு எத்தனையோ கம்பெனி, எத்தனையோ மிஷின். இப்போது திருப்பூரிலேயே மண்ணரைப் பகுதியில் தனியாக இருக்கிறாள். முட்டி வலிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு டிவி பார்க்கிறாள். அன்றைய பேச்சை நானும் எடுத்ததில்லை, அவளும் எடுத்ததில்லை. அந்த ஒரே அறையில் நாங்கள் நான்கு பேரும் இன்னும் பல வருஷம் இடித்துக்கொண்டே படுத்திருந்தோம். கை காலை நீட்டுவதைப் பற்றி அம்மா ஒருநாளும் வாய் திறக்கவில்லை.

ஆனால் இதெல்லாம் பின்னால். அன்று வாசலில் பைக்கைத் திருப்புகிற சத்தம் கேட்டதும் அத்தை கேசட்டை உருவினாள். கரண்டே இல்லை, இருந்தும் பழக்கத்தில் ஃபூவென்று ஊதினாள். சேலைத் தலைப்பில் துடைத்து என் கையில் வைத்தாள்.

"மாமாகிட்டக் குடுத்துட்டு வா கண்ணு."

நான் அழுதேன். மாமாவை யாரோ அவமானப்படுத்திவிட்டார்கள், அதற்குத் தண்டனையாக என் கேசட் போகிறது என்பது மட்டும்தான் எனக்கு விளங்கியது. கரண்ட் போகாமல் இருந்திருந்தால் எல்லாம் சரியாகப் போயிருக்கும் என்று நம்பினேன். அந்த நம்பிக்கையோடு வருஷக்கணக்கில் மின்சார வாரியத்தின்மேல் கோபமாகவும் இருந்தேன்.

பெரியவர் பின்னால் ஏறி உட்கார்ந்திருந்தார். மாமா கேசட்டை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அதே சோப்பு மணம். நான் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அவரைச் சமாதானப்படுத்த எனக்குத் தெரிந்த ஒரே வழியில் சொன்னேன்.

"மூணாவது பாகம் வந்தா எடுத்துட்டு வாங்க மாமா."

அவர் கிக்கரை உதைத்தார். வீட்டு வாசலை ஒருமுறை பார்த்தார்.

"வரும்போது கொண்டாறேன் கண்ணு."