அக்கா தள்ளிப் பார்த்த மிஷின்

ஆம்பூரில் என் வீட்டுக்குப் பின்னால், துணி துவைக்கும் கல்லை ஒட்டி, ஒரு புல் வெட்டும் மிஷின் நிற்கிறது. கோணியால் மூடி வைத்திருக்கிறேன். என் வீட்டில் புல் கிடையாது. எங்கள் தெருவில் எவ்வளவு ஆழம் போர் போட்டாலும் உப்புத் தண்ணீர்தான். கனகாம்பரம்கூட இரண்டு மாதம் தாங்காது. அப்புறம் எதற்கு இந்த மிஷின் என்று வருகிறவர்கள் கேட்பார்கள். அக்காவுடையது என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவேன். பேச்சை வளர்க்க எனக்கு வராது. எழுதினால் வருமா என்று பார்க்கிறேன்.

அக்கா என்னைவிடப் பதினொரு வயது பெரியவள். வேலூரில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸாக இருந்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் நர்ஸ் குவார்ட்டர்ஸில் ஒரு அறை. அந்த அறை ஜன்னலுக்கு வெளியே நீளமான புல்தரை இருந்தது. அதில் யாரும் கால் வைக்கக் கூடாது என்று பலகை போட்டிருப்பார்கள். அக்கா நைட் டூட்டி முடித்து வரும் நேரத்தில்தான் தோட்டக்காரர் மிஷினைத் தள்ளிக்கொண்டு போவாராம். வெட்டின புல் வாசனை வந்தால்தான் டூட்டி முடிந்த மாதிரி இருக்கும் என்பாள்.

ரிடையர் ஆனதும் காட்பாடிப் பக்கம் சின்னதாக ஒரு வீடு கட்டினாள். அங்கே நல்ல தண்ணீர். வீட்டுக்கு முன்னால் மற்றவர்கள் தென்னையும் கறிவேப்பிலையும் வைத்தார்கள். அக்கா புல் வைத்தாள். நீளத்தில் பன்னிரண்டு அடி எடுத்து வைக்கலாம், அகலத்தில் ஏழு. அவ்வளவுதான். சாயங்காலம் கேட்டைப் பூட்டிவிட்டு, செருப்பைப் படியில் கழற்றி வைத்துவிட்டு, அதில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடப்பாள். நான் போயிருந்தால் என்னையும் செருப்பைக் கழற்றச் சொல்லுவாள்.

முதலில் பக்கத்துத் தெருவில் மாடு வைத்திருந்த ஒருவர் வந்து அரிவாளால் அறுத்துப் போனார். புல் அவருக்கு, கூலி கிடையாது என்று பேச்சு. அவர் மாட்டை நினைத்துக்கொண்டு வேர் தெரிய அறுப்பார். புல்தரை மொட்டையடித்த தலை மாதிரி திட்டுத் திட்டாக இருக்கும். பிறகு அவர் மாட்டை விற்றுவிட்டார். வேறு ஆள் பார்க்கட்டுமா என்று நான் கேட்டேன். அக்கா வேண்டாம் என்றாள்.

"ஆளு வேணாம் தம்பி. மிஷின் வாங்கிக் குடு. நானே தள்ளணும். முப்பது வருஷமா ஜன்னல்ல நின்னு பாத்துனு இருந்தேன் இல்ல?"

இதை அவள் தெளிவாகச் சொன்னாள். எனக்கும் காது நன்றாகக் கேட்டது. பின்னால் நடந்ததற்கு அவள் மேல் ஒரு துளி தப்பும் சொல்ல முடியாது.

எந்த மிஷின் என்று இரண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமை பேசினோம். பெட்ரோல் மிஷின் என்றால் கயிற்றை இழுத்து ஸ்டார்ட் பண்ண வேண்டும். நோயாளிகளைத் தூக்கித் தூக்கி அக்காவின் வலது தோள் எப்போதோ போய்விட்டது. அதோடு எதிர் வீட்டில் இரண்டு நர்ஸ் பெண்கள் வாடகைக்கு இருந்தார்கள். நைட் டூட்டி பார்த்துவிட்டுப் பகலில் தூங்குவார்கள். அந்தத் தூக்கம் இன்னது என்று அக்காவுக்குத் தெரியும். வயர் மிஷின் என்றால் ஈரப் புல்லில் வயர் கிடக்கும். அது அவளுக்குப் பயம். கரெண்டும் அப்போது சொல்லாமல் போகும், சொல்லாமல் வரும். கடைசியில் பேட்டரி மிஷின் என்று முடிவானது. முடிவானதும் அக்கா சிரித்துக்கொண்டே சொன்னாள், பேட்டரி என்றால் இனி அவளுக்குக் கவலை இல்லை, வீட்டிலேயே ஆள் இருக்கிறது என்று.

அந்த ஆள் நான்தான். பத்தாவது தேறாமல் ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனிக்குப் போனேன். பதனிட்டு முடித்த தோல் அடுக்கி வைக்கும் குடோனில் டீசல் வண்டி ஓடக் கூடாது, புகை தோலில் ஏறிவிடும். அதனால் சரக்கு தூக்கும் வண்டிகள் எல்லாம் பேட்டரியில் ஓடும். அந்த பேட்டரிகளுக்கு சார்ஜ் போடுவது, தண்ணீர் ஊற்றுவது, துடைப்பது என் வேலை. தனி அறை, பேச ஆள் கிடையாது, எனக்குப் பிடித்த வேலை. சொந்தக்காரர்கள் ஒன்றுகூடும் இடத்தில் என்னிடம் யாரும் யோசனை கேட்டதில்லை. அக்கா கேட்டாள். அது எனக்குப் பெரிதாக இருந்தது.

எங்கள் அறையில் ஒரு பழக்கம் உண்டு. புது பேட்டரி வந்தால் முதலில் ஒரு முனையைத் தூக்கிப் பார்ப்போம். கனமாக இருந்தால் உள்ளே ஈயம் ஜாஸ்தி, உழைக்கும். லேசாக இருந்தால் கம்பெனிக்காரன் ஏமாற்றிவிட்டான். எனக்கு முன்னால் இருந்தவர் அப்படித்தான் பார்த்தார், நானும் அப்படித்தான் பார்த்தேன். எங்கள் பேட்டரிகளுக்கு அது சரியாகத்தான் இருந்தது.

அப்போது வேலூரில் அந்த மாதிரி மிஷின் கிடைக்கவில்லை. மெட்ராஸில் பம்ப்செட்டும் தோட்டச் சாமானும் விற்கிற கடை ஒன்றை விசாரித்து, காட்பாடியில் காலை ரயில் ஏறி இரண்டு பேரும் போனோம். அக்கா வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு கைப்பையில் தண்ணீர் பாட்டிலோடு வந்தாள். கடையில் பேட்டரி மிஷின் இரண்டே இரண்டு இருந்தன. ஒன்று பெரியது. ஒரு சார்ஜில் ஒரு மணி நேரம் வெட்டும் என்றார் கடைக்காரர். இன்னொன்று முறம் அகலத்துக்குச் சின்னது. இருபது நிமிஷம்தான் ஓடும் என்றார்.

அக்கா நேராகச் சின்னதிடம் போனாள். பையை என்னிடம் கொடுத்துவிட்டு, கைப்பிடியைப் பிடித்துக் கடைத் தரையில் நாலு அடி தள்ளினாள். திரும்பினாள். மறுபடி நாலு அடி. அவள் முகத்தை நான் பார்த்திருக்க வேண்டும். நான் கடை வாசலில் உட்கார்ந்திருந்த லோடு ஆட்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று பேர். ஒருவன் என்னைப் பார்த்து, "இன்னா நைனா, பெரியம்மாவப் புல்லு வெட்ட வுட்டுட்டு நீ நெழல்ல குந்திக்குவியா?" என்றான். இன்னொருவன், பெரியம்மா இந்த வேகத்தில் போனால் வெட்டி முடிப்பதற்குள் பின்னால் முளைத்துவிடும் என்றான். கடைக்காரரும் கொஞ்சம் சிரித்தார்.

அக்காவுக்கு அது ஒன்றுமே இல்லை. ஆஸ்பத்திரி வார்டில் எத்தனை பேரைப் பார்த்தவள். "வயசானா வேகம் கம்மிதான், அதுக்குள்ள உனக்கும் வயசாயிடும்" என்று அவனிடம் சொல்லிவிட்டு மறுபடி தள்ளினாள். அவர்களே சிரித்துவிட்டார்கள். எனக்குத்தான் காதெல்லாம் சுட்டது. அக்காவின் கையைத் தொட்டு, போகலாம், விசாரித்துவிட்டு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். அவள் கைப்பிடியை விட்டாள். ஏன் என்று கேட்கவில்லை. ரயிலில் திரும்பும்போது ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, அந்தச் சின்னது நன்றாகத் திரும்புகிறது, கவனித்தாயா என்றாள். லேசாக இருக்கிறது, உழைக்காது என்றேன். அப்படியா என்றாள். பேட்டரி விஷயம் எனக்குத்தானே தெரியும்.

இரண்டு வாரம் கழித்து நான் மட்டும் போனேன். கம்பெனி லாரி துறைமுகத்தில் சரக்கு இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும். டிரைவர் பழக்கம், அதில் ஏற்றிக்கொள்ளலாம் என்றார். கடைக்காரர் யாருக்கு சார் என்று கேட்டார். எனக்குத்தான் என்று சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். வாசலில் அதே ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள், அவ்வளவுதான். அக்காவுக்கு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவரே சின்னதைக் காட்டியிருப்பார். நான் இரண்டு மிஷினையும் ஒரு முனை தூக்கிப் பார்த்தேன். பெரியது அசையவில்லை. மனசுக்குத் திருப்தியாக இருந்தது. அக்காவின் புல்லுக்கு இருபது நிமிஷம் தாராளம் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

ஒரு சனிக்கிழமை லாரியிலேயே கொண்டுபோய் இறக்கினோம். டிரைவரும் நானும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்தோம். அக்கா கேட் அருகில் நின்று பார்த்தாள். பெரியதாக இருக்கிறதே என்றாள். அதுதான் உழைக்கும் என்றேன். முதல் முறை நானே வெட்டிக் காட்டினேன். இரைச்சலே இல்லை, ஒரு ஃபேன் ஓடுகிற மாதிரி. புல் ஒரே அளவாக விழுந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது. முடிந்ததும் அக்கா வந்து கைப்பிடியைப் பிடித்தாள். உடம்பைச் சாய்த்துத் தள்ளினாள். மிஷின் ஒரு முழம் போய் நின்றது. இன்னொரு முறை சாய்ந்தாள். பிறகு கைப்பிடியைத் துடைத்துவிட்டு, "நல்லா இருக்கு தம்பி. பழகிக்கிறேன்" என்றாள். சார்ஜர் வயரை நான் சுருட்டி, சட்டைப் பையில் இருந்த தோல் வாரால் எங்கள் அறையில் கட்டுகிற மாதிரி இரட்டை முடிச்சுப் போட்டு, வீட்டுக்குப் பின்னால் இருந்த ஷெட்டில் மாட்டிவிட்டு வந்தேன்.

அதற்கப்புறம் நான் போன ஞாயிற்றுக்கிழமை எல்லாம் புல் அளவாக வெட்டியிருந்தது. மிஷின் எப்படி என்று கேட்டால் நல்லா இருக்கு என்பாள். நானும் கம்பெனியில் இரண்டு பேரிடம், எங்கள் அக்கா இந்த வயசில் அவளே மிஷின் ஓட்டுகிறாள் என்று சொன்னேன். மற்றவர்களிடம் நானாகப் போய்ச் சொன்ன கதை என் வாழ்க்கையில் அது ஒன்றுதான் இருக்கும்.

ஒரு புதன்கிழமை கம்பெனியில் திடீரென்று லீவு விட்டார்கள். வீட்டில் உட்காராமல் பஸ் ஏறினேன். பள்ளிகொண்டா தாண்டும்போது போன் பண்ணலாமா என்று நினைத்து, வேண்டாம் என்று விட்டேன். அக்கா வீட்டுத் தெரு முனையில் திரும்பும்போதே கேட் கம்பி வழியாக அவள் தெரிந்தாள். புல்லின் நடுவே ஒரு மணைப் பலகை. அதில் வலது காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கையில் கத்திரி. தோல் வெட்டுகிற பெரிய கத்திரி, தையலுக்கு என்று எப்போதோ நான் வாங்கிக் கொடுத்தது. ஒரு பிடி புல்லை இடது கையால் சேர்த்துப் பிடித்து, வெட்டி, பக்கத்தில் இருந்த முறத்தில் போட்டாள். கை எட்டும் தூரம் முடிந்ததும் இரண்டு கையையும் ஊன்றி எழுந்தாள். அப்படியே கொஞ்ச நேரம் நின்றாள். பலகையைக் காலால் ஒரு அடி தள்ளினாள். மறுபடி உட்கார்ந்தாள். தரையில் பாதிதான் முடிந்திருந்தது.

உள்ளே போயிருக்கலாம். அவள் கையிலிருந்து கத்திரியை வாங்கியிருக்கலாம். நான் திரும்பி நடந்து பஸ் ஸ்டாப்பில் போய் உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் கழித்து, அங்கிருந்து போன் செய்து, வந்துகொண்டிருக்கிறேன் என்றேன். போனபோது பலகை இல்லை, முறம் இல்லை. காபி கொடுத்தாள். அவள் விரல் நகங்கள் பச்சையாக இருந்தன. காபி குடித்துவிட்டு ஷெட்டுக்குப் போனேன். சார்ஜர் வயரில் நான் போட்ட இரட்டை முடிச்சு அப்படியே இருந்தது. ஏழு மாதம். எங்கள் வேலையில் முதல் பாடம், பேட்டரியை சார்ஜ் இல்லாமல் கிடக்க விட்டால் செத்துப்போகும். செத்துப்போயிருந்தது.

சின்ன மிஷினை வாங்கிக் கொடுத்துவிட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். கடை நம்பரைச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். ஆனால் சின்னதைக் கொண்டுபோய் இறக்கினால், பெரியது தப்பு என்று சொல்ல வேண்டும். அவள் கத்திரியால் வெட்டுவதைத் தெருவில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனதையும் சொல்ல வேண்டும். அடுத்த மாதம், பண்டிகை போகட்டும், மழை நிற்கட்டும் என்று போய்க்கொண்டே இருந்தது. அந்த மழையில்தான் அக்காவின் முட்டி முழுசாக மடங்காமல் போனது. உட்கார்ந்தால் எழ முடியவில்லை. புல் முழங்கால் அளவுக்கு வளர்ந்தது. ஒருநாள் எதிர் வீட்டு நர்ஸ் பெண் அதில் பாம்பைப் பார்த்ததாகச் சொன்னாள். நான் போய் ஆள் வைத்து அறுத்தேன். அடுத்த முறை போனபோது, சிமெண்ட் கல் பதிக்க ஆள் சொல்லியாச்சு என்றாள்.

கல் பதிக்க வந்தவர்கள் ஷெட்டைக் காலி பண்ணச் சொன்னதால், மிஷினை நீயே எடுத்துப் போ என்றாள். அதே டிரைவர் லாரியோடு வந்தார். மண்ணைக் கொத்திப் போட்டிருந்தார்கள். புல் வேர் வெள்ளை வெள்ளையாக வெளியே கிடந்தது. அக்கா நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். டிரைவர் லாரியைப் பின்னால் எடுக்கப் போன நேரத்தில், நான் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்.

"அந்தச் சின்னதையே வாங்கி இருக்கலாம்கா."

அவளுக்குக் கோபம் இல்லை, அது எனக்குத் தெரியும்.

"நான்தான் அன்னிக்கே தள்ளிப் பாத்தேனே தம்பி" என்றாள்.

லாரி வந்துவிட்டது. இருவரும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து மிஷினை ஏற்றினோம். அக்கா டிரைவருக்கும் எனக்கும் இட்லி கட்டிக் கொடுத்தாள்.

இப்போதும் மாதம் இரண்டு முறை போகிறேன். அக்கா வாக்கர் வைத்துக்கொண்டு அந்தக் கல்லின் மேல் நடக்கிறாள். வாசல் படியில் இறங்கும்போது பழக்கத்தில் செருப்பைக் கழற்றி வைத்துவிடுகிறாள். வெயில் நேரமாக இருந்தால் அதை எடுத்துப் போய் அவள் கால் அருகே போடுகிறேன். போட்டுக்கொள்கிறாள்.