உப்பளத்து சர்வருக்கு ஒரு நல்ல தண்ணிக் குளியல்

டேட்டாபேஸ் சர்வரைப் பார்த்துக்கொள்கிற வேலை என்பது, ஊரார் வீட்டுச் சாவிகளையெல்லாம் ஒரே ஆணியில் மாட்டிவைத்துவிட்டு, அந்த ஆணியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற வேலை.

மரக்காணத்தில் ஓர் உப்பு உற்பத்தியாளர் சங்கத்தில் எனக்கு எட்டு வருடமாக அந்த வேலை. கீழ்புத்துப்பட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறேன். எந்தப் பாத்தியை எந்தக் குடும்பம் பார்க்கிறது என்ற பட்டியல் முழுவதும் என் சர்வர் பெட்டிக்குள்தான் இருக்கிறது. மழைக்காலத்தில் உப்பளம் முழுக்க ஒரே ஏரியாகிவிடும். தண்ணீர் வடிந்து தை மாதம் மறுபடி வரப்புக் கட்டும்போது, யாருக்கு எது என்று சொல்ல அந்தப் பட்டியலை விட்டால் வேறு கதி கிடையாது. பழைய நோட்டுகளையெல்லாம் கரையான் தின்றுவிட்டது.

படமும் பட்டனும் இல்லாத கருப்புத் திரையில் ஒவ்வொரு கட்டளையாக அடித்துத்தான் என் பிழைப்பு ஓடுகிறது. அதே திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் அன்பர்களே, இது உங்களுக்குத்தான்.

செயலாளர் செய்த உபகாரம்

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். குடும்பங்களின் பெயர்களை உள்ளே ஏற்றும் கட்டளை ஒன்றை ஓடவிட்டு டீ குடிக்கப் போனேன். திரையில் வரிகள் சரசரவென்று மேலே போய்க்கொண்டிருந்தன. அரை மணி நேரம் ஆகும் என்று கணக்குப் போட்டு, எதிர்க்கடையில் ஒரு வடையும் சாப்பிட்டேன்.

திரும்பி வந்தால் அறையில் சத்தமே இல்லை. ஃபேன் ஓடவில்லை, விளக்கு எரியவில்லை. எங்கள் செயலாளர் சுவரோரமாக பிளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். நல்ல மனிதர், சண்டை என்றால் எட்டு ஊருக்கு அப்பால் போய்விடுவார். அன்று ஏனோ வீரம் வந்திருக்கிறது. அவர் முகத்தில் ஒரு திருப்தி.

"படமே வரலம்மா, வெறும் எழுத்தாவே ஓடுச்சு, வைரஸ் பூந்துடுச்சுன்னு நான்தான் புடுங்கிவுட்டு காப்பாத்தினேன்."

கோதண்டத்தின் வைத்தியம்

கோதண்டம் எங்கள் சங்கத்து பம்பு மெக்கானிக். கடல் தண்ணீரை உப்பளத்துக்கு இறைக்கும் இன்ஜின்கள் அத்தனைக்கும் அவர்தான் டாக்டர். இரண்டு வருடத்துக்கு முன்பு சர்வர் தினமும் மத்தியானம் பன்னிரண்டு மணிக்குத் தானாக அணைந்துபோக ஆரம்பித்தது. பாண்டிச்சேரியிலிருந்து வருவதாகச் சொன்ன ஆள் வரவில்லை. வேறு வழியில்லாமல் கோதண்டத்தைக் கூப்பிட்டேன்.

மூடியைக் கழற்றினோம். ஃபேன் இறக்கைகளில் உப்பு விரலளவு கட்டிப்போயிருந்தது. ஜன்னலை எப்போதும் சாத்தித்தான் வைக்கிறோம், இருந்தும் உப்புக் காற்று எப்படியோ உள்ளே வந்து பாத்தி கட்டியிருக்கிறது. கோதண்டம் ஓர் ஈரத்துணியோடு குனிந்தார். நான் கத்திய கத்தலில் வாசலில் நின்ற லாரி டிரைவர் எட்டிப் பார்த்தார். ஃபேனை மட்டும் தனியாகக் கழற்றித் துடைக்க அனுமதித்தேன். நல்ல தண்ணி என்றால் எங்கள் பக்கம் உப்பில்லாத தண்ணீர், டேங்கர் லாரியில்தான் வரும். அதில் நனைத்த துணி. அதற்கப்புறம் ஃபேன் புதுசு மாதிரி ஓடியது.

"நீ இன்னா வேணா சொல்லும்மா, உப்பு பட்டது எதுவா இருந்தாலும் நல்ல தண்ணி காட்டினாதான் அதுக்கு உசுரு."

ஒரு நொடியில் ஊர் மாறிய கதை

இது என் சொந்தக் கைங்கரியம், யார் மேலும் பழி போட முடியாது. எக்கியார்குப்பத்திலிருந்து ஒருவர் பொம்மையார்பாளையத்துக்குக் குடிபோய்விட்டார், விலாசத்தை மாற்ற வேண்டும். 'ஊரை இப்படி மாற்று' என்று அடித்தேன். 'இன்ன ஆளுக்கு மட்டும்' என்கிற பாதியை அடிக்காமலே என்டர் தட்டிவிட்டேன்.

ஒரு ஆளுக்கு மாற்றியதாகச் சொல்ல வேண்டிய திரை, அறுநூற்றுச் சொச்சம் பேருக்கு மாற்றிவிட்டதாகச் சொன்னது. இந்தக் கடற்கரையில் இருந்த அத்தனை உப்பளக் குடும்பமும் பெட்டி படுக்கையோடு பொம்மையார்பாளையத்துக்குப் போய்விட்டது. பக்கத்திலேயே ஒரு சின்ன டிஸ்கில் முந்தின நாள் நகல் இருந்ததால் மானம் தப்பியது. அன்றிலிருந்து ஒரு விரதம் எடுத்துக்கொண்டேன். எதை மாற்றினாலும் முதலில் 'பிகின்' அடிப்பேன். அதற்கப்புறம் செய்யும் மாற்றம் என் கண்ணுக்கு மட்டும் தெரியும். பார்த்து, சரிதான் என்று பட்டபிறகு 'கமிட்' அடித்தால்தான் அது பெட்டியில் நிலைக்கும். அடிக்காமல் மூடினால் மாற்றம் நடக்காத மாதிரியே அழிந்துவிடும்.

இந்த விரதத்தை நான் பெருமையாக விளக்கியபோது செயலாளர் காதில் வாங்கவே இல்லை. அவருக்கு அவர் கவலை.

"ஏம்மா, என்னியும் சேத்து அனுப்பிட்டியே, அந்த ஊர்ல எனக்கு ஒரு சொந்தக்காரன்கூட கெடையாதே."

அஞ்சலை தன் பெயரைப் பார்த்தார்

போன ஆயுத பூஜைக்கு முந்தின நாள் அஞ்சலை வந்தார். இருபது வருடமாகத் தன் பாத்தியில் உப்பு வாருகிறவர். கணவர் முனுசாமி மூன்று மாதம் முன்பு இறந்துபோனார். பாத்தி முனுசாமி பெயரில் இருந்தது. அவருடைய தம்பி ஏழுமலை, பாத்தி எப்போதும் ஆம்பிளை பெயரில்தான் இருக்கும், அண்ணனுக்குப் பிறகு தனக்குத்தான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். பூஜை முடிந்த ஐந்தாம் நாள் பொதுக்கூட்டத்தில் பட்டியலை வாசிப்பார்கள். பூஜைக்கு முந்தின நாள்வரை பெட்டியில் ஏறிய மாற்றம்தான் செல்லும் என்பது சங்கத்தின் விதி. அஞ்சலைக்கு அதுதான் கடைசி நாள். அந்தப் பாத்தி போனால் அவர் தை மாதம் வேறு யாரிடமாவது கூலிக்குத்தான் நிற்க வேண்டும்.

செயலாளர் "மாத்திடும்மா" என்றார். அடித்தேன். முனுசாமி போய் அஞ்சலை வந்தது. திரையை அஞ்சலை பக்கம் திருப்பிக் காட்டினேன். அவருக்குத் தன் பெயர் படிக்கத் தெரியும், எழுத்து எழுத்தாக விரல் வைத்துப் படித்தார். அதற்குள் செயலாளர் கூட்ட அறிவிப்பு எழுதக் கூப்பிட்டார். எழுதிக் கொடுத்துவிட்டு வந்து, சர்வரை முறைப்படி மூடி அணைத்துவிட்டு, பொரிப் பொட்டலத்தோடு பஸ் ஏறினேன். கிளம்பும்போது அஞ்சலை என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இருவது வருசமா அந்தப் பாத்தில நிக்கிறேன், என் பேரு எங்கியாவது எழுதி இன்னிக்குத்தாம்மா பாக்குறேன்."

ஆயுத பூஜை

விடுமுறை முடிந்து வந்து கதவைத் திறந்தேன். தரையெல்லாம் ஈரம். சர்வர் பெட்டி மூடி கழன்று, மேஜைமேல் மல்லாந்து கிடந்தது. நெற்றி மாதிரி இருந்த இடத்தில் சந்தனம், குங்குமம். மூலைகளில் இன்னும் தண்ணீர் நின்றிருந்தது.

எங்கள் உப்பளத்தில் ஆயுத பூஜைக்கு ஒரு முறை உண்டு. வருடம் முழுக்க உப்பில் நின்ற இன்ஜின், வால்வு, பலகை எல்லாவற்றையும் டேங்கர் தண்ணீரில் குளிப்பாட்டி, துடைத்து, எண்ணெய் போட்டுத்தான் பொட்டு வைப்பார்கள். செய்கிறவர் கோதண்டம். இன்ஜின்களையெல்லாம் முடித்த கையோடு, பாவம் அதுவும் உப்புக் காற்றில் நிற்கிறதே என்று சர்வருக்கும் குழாயைத் திருப்பியிருக்கிறார். மோட்டாரைக் கழுவுவதற்கு முன் செய்வதுபோலக் கரண்டு ஒயரையெல்லாம் மறக்காமல் கழற்றியிருக்கிறார். எண்ணெயை வெளி ஸ்குரூவுக்கு மட்டும்தான் போட்டிருக்கிறார். எனக்கு அப்போது நகல் டிஸ்க் ஞாபகம் வந்தது. அது எங்கே என்று கோதண்டத்திடம் கேட்டேன்.

"சின்னதா இருக்குதேன்னு வுட்டுடலம்மா, அதையும் நல்லா கழுவி அங்க வெயில்ல வெச்சிருக்கேன்."

உப்புத் தார்ப்பாய்

என் வீட்டு லேப்டாப்பில் ஒரு மாதத்துக்கு முந்திய நகல் ஒன்று இருந்தது. அதில் முனுசாமி பெயர்தான் இருக்கும். கழுவிய டிஸ்க் பிழைத்தாலும், அதில் இருப்பது அஞ்சலை வருவதற்கு முன் எடுத்த நகல்தான். அஞ்சலையின் பெயர் அந்த ஈரப் பெட்டியைத் தவிர உலகத்தில் வேறு எங்கும் இல்லை.

உறுப்பு உறுப்பாகக் கழற்றி மொட்டை மாடியில் காயவைத்தோம். கோதண்டம் சாப்பாட்டுக்குக்கூட இறங்கவில்லை. இரண்டு தரம் தூறல் வந்தபோது, உப்புக் குவியலை மூடும் தார்ப்பாயை எடுத்துவந்து மூடினார். பெட்டி எழுந்திருக்காவிட்டால் அவர் வேலைக்கு வர வேண்டாம் என்று செயலாளர் சொல்லிவிட்டார். நானும் என் பங்குக்குப் பேசக் கூடாததையெல்லாம் பேசினேன்.

மூன்றாம் நாள் ஏழுமலை வந்து மாடிப்படியில் நின்று பார்த்தார். அஞ்சலையும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். தன் அண்ணி முகத்தைப் பார்க்காமலே ஏழுமலை செயலாளரிடம் சொன்னார்:

"பொட்டில யார் பேரு இருக்குதோ அவங்களுக்குத்தான் பாத்தி, நான் ஒத்துக்கிறேன், அண்ணன் பேரு வந்துச்சுன்னா அப்பறம் யாரும் பேசக் கூடாது."

கடைசி வார்த்தை

நாலாம் நாள் காலை எல்லாவற்றையும் மறுபடி பூட்டி, செயலாளரும் அஞ்சலையும் ஏழுமலையும் சுற்றி நிற்க, பட்டனை அமுக்கினேன். ஃபேன் சுற்றியது. திரையில் வரிகள் ஓடின. உப்பெல்லாம் போய்விட்டதாலோ என்னவோ, முன்னைவிடச் சுறுசுறுப்பாகவே எழுந்தது. குடும்பங்களை எண்ணச் சொன்னேன். ஒன்றுகூடக் குறையவில்லை. கோதண்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அஞ்சலையின் பாத்தி எண்ணை அடித்தேன். வந்தது முனுசாமி.

எல்லாரும் கோதண்டத்தைப் பார்த்தார்கள். "தண்ணிதான் இழுத்துக்கினு போயிருக்கும்" என்று அவரே முணுமுணுத்தார். அறுநூறு பேரை விட்டுவிட்டு ஒரு பெயரை மட்டும் தண்ணீர் எப்படி இழுத்துக்கொண்டு போகும்? செயலாளர் கூப்பிட்டதும் நான் எழுந்து போனது ஞாபகம் வந்தது. திரும்பி வந்து மூடியதும் ஞாபகம் வந்தது. நடுவில் கமிட் அடித்த ஞாபகம் மட்டும் வரவே இல்லை.

சும்மா இருந்திருக்கலாம். பழியைத் தண்ணீர் ஏற்றுக்கொண்டிருக்கும், பாத்தியை ஏழுமலை எடுத்துக்கொண்டிருப்பார். ஆனால் நான் அடிக்கும் ஒவ்வொரு வரியையும் அந்த மென்பொருள் தனியாக ஒரு கோப்பில் எழுதிவைத்துக்கொள்ளும். அதைத் திறந்தேன். கோப்பின் தேதி பூஜைக்கு முந்தின நாள். கடைசி வரிகள்: பிகின். முனுசாமியை எடுத்து அஞ்சலையைப் போடு. போட்டதைக் காட்டு. வெளியேறு. கமிட் இல்லை. அதை வரி வரியாகப் படித்துக் காட்டி, தப்பு தண்ணீருடையது இல்லை, கோதண்டத்துடையதும் இல்லை, என்னுடையது என்று எல்லார் முன்னாலும் சொன்னேன்.

செயலாளர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தத் தேதியை மூன்று தரம் பார்த்தார். எட்டு வருடத்தில் அவர் ஒரு பக்கம் சாய்ந்து பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான். "அந்தம்மா கெடுவுக்குள்ள வந்துட்டாங்க, ஆபீஸு தப்புக்கு அவங்க இன்னா பண்ணுவாங்க? மாத்து." ஏழுமலை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மறுபடி அடித்தேன். பெயர் வந்தது. இந்த முறை அஞ்சலை என் கையை விலக்கிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். எந்தெந்த எழுத்து என்று நான் காட்ட, உப்பு வாரிக் காய்த்துப்போன விரலால் ஒவ்வொன்றாகக் குத்தி, கமிட்டை அவரே அடித்து, என்டரையும் அவரே தட்டினார். நிலைத்துவிட்டது என்று திரை சொன்னதும் நான் கோதண்டத்தைத் திரும்பிப் பார்த்தேன். அவர் எண்ணெய்க் கையைத் துடைத்தபடி வாசலில் நின்றிருந்தார்.

"நாலு நாளா என் தண்ணி மேல பழிய போட்டு என்னிய சோறு துன்ன வுடலியேம்மா நீ."

அன்பர்களே, பெட்டியைக் குளிப்பாட்டினாலும் அது பிழைத்துக்கொள்கிறது. அதற்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற என் மறதியைக் கழுவத்தான் எந்த டேங்கரிலும் நல்ல தண்ணி வருவதில்லை.