திண்டுக்கல் இல்லாத மாவட்டப் பட்டியல்

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவைப் புதுப்பிக்க இன்றே கடைசி நாள். தவறினால் என் ஒன்பது வருட சீனியாரிட்டி போய்விடும்.

அங்கே புதுக் கம்ப்யூட்டர் வந்திருந்தது. மென்பொருள் பக்கத்து மாநிலம் கொடுத்தது. மாவட்டப் பட்டியலும் அவர்களுடையதே. அதில் எங்கள் திண்டுக்கல் இல்லை.

தேடிப் பார்த்த கிளார்க் அக்கா, "கடலோரமா ஒரு மாவட்டம் இருக்கு. அதப் போட்டுரவாம்மா?" என்றார்.

"வேலை அங்க வந்துருச்சுன்னா என்னக்கா பண்றது?"

"இங்க ஒம்பது வருசமா வராத வேலை, அங்க மட்டும் வந்துருமாக்கும்? நாளைக்கு வந்தா பேரே இருக்காது, பாத்துக்க."

தலையாட்டினேன். அட்டை அச்சாகி வந்தது. தமிழாசிரியர் வரிசையில் அந்த மாவட்டத்துக்கே நான்தான் முதல்.

அந்தப் பக்கம் மீன் என்ன விலை? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.