இருநூற்றுப் பதினொன்றாம் பக்கத்து மடிப்பு

செய்தி கண்ணாடிக்கடைக்கு இரண்டு வாய் மாறி வந்து சேர்ந்தது. பல் டாக்டரிடம் வேலை பார்க்கும் பெண் மருந்து வாங்கப் போன இடத்தில் பார்த்திருக்கிறாள். பார்த்ததைக் கண்ணாடிக்கடையில் பில் போடும் அக்காவிடம் சொல்லியிருக்கிறாள். அக்கா அதற்குக் கண்ணும் மூக்கும் வைத்து, உள்ளே லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தவரிடம் கொண்டுவந்தாள்.

"உங்க வீட்டம்மாவும் சிரப்பும் கவுண்டர்ல நின்னு அழுதாங்களாம். ஏதோ டிராகன் செத்துப்போச்சாம்."

சிரப் என்பது மருந்துக்கடைக்காரருக்குத் தெரு வைத்த பெயர். பேச்சு அவ்வளவு தித்திப்பு. தும்மலுக்கு மாத்திரை கேட்டால்கூட, வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் எடுத்துக் கொடுப்பார்.

லென்ஸ்காரர் தேய்ப்பதை நிறுத்தவில்லை. கையிலிருந்த லென்ஸின் ஓரம் மட்டும் கொஞ்சம் கூடுதலாகத் தேய்ந்து, ஃபிரேமில் நிற்காமல் மேஜையில் கழன்று விழுந்தது.

மனைவி அழுதது அவருக்குப் பெரிய விஷயமில்லை. இன்னொருத்தன் முன்னால் அழுதிருக்கிறாள். அதுதான் உறுத்தியது.

கல்யாணமாகிப் பதினாறு வருஷமாக அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம். புத்தகம் ஒன்று, படிப்பவர் இரண்டு. முதலில் அவள் படிப்பாள். ஏதாவது ஓர் இடம் மனசில் தட்டினால் பக்கத்தின் மேல் மூலையை மடித்துவைப்பாள். அடுத்து அவர் படிப்பார், மடிப்பு வந்ததும் மெதுவாகப் போவார். அந்த மடிப்புக்கு ஒரே அர்த்தம்தான்: இங்கே வந்தபோது உன்னை நினைத்தேன். இத்தனைக்கும் அவளுக்கு நூலகத்தில் கிழிந்த புத்தகங்களைச் சரிசெய்யும் வேலை. அங்கே எவராவது மூலையை மடித்திருந்தால் அவருடைய ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டிக்கொண்டே நிமிர்த்துவாள். சொந்தப் புத்தகத்துக்குச் சட்டம் வேறு.

வழக்கம் கெட்டது மூன்று மாதத்துக்கு முன்னால். அவர் ஒரு கொலைக்கதை வாங்கிவந்தார். கத்தியும் கையுமாக ஒருவன் அலைகிறான். நூறு பக்கத்துக்குள் பதினேழு பிணம். டீ ஆறிப்போனது தெரியாமல் அவர் அதில் மூழ்கிக் கிடந்தார். அவளோ ஒன்பது பக்கம் படித்துவிட்டு, வீட்டுக்குள் ரத்தம் வேண்டாமென்று அதைச் செருப்பு அலமாரியில் வைத்துவிட்டாள். அடுத்து அவள் ஒரு மாயாஜால நாவல் வாங்கினாள். ஒரு படகோட்டியும் ஒரு கிழட்டு டிராகனும். அட்டையைப் பார்த்ததுமே இவர் சிரித்தார்.

"பறக்கிற பல்லிக்கு ஐந்நூறு பக்கமா?"

அவள் படிக்க உட்கார்ந்தாள். படித்து முடித்ததும் அவர் தலைமாட்டில் கொண்டுவந்து வைத்தாள். தன்னைக் குத்திக்காட்டத்தான் வைத்திருக்கிறாள் என்று எண்ணிக்கொண்டு, அவர் அதன்மேல் தினமும் தண்ணீர் டம்ளரை வைத்துவந்தார். அட்டையில் டிராகனின் முதுகு மேல் வட்டவட்டமாகத் தடம்.

பில் போடும் அக்கா பற்றவைத்த அன்று சாயங்காலம் அவர் டம்ளரை நகர்த்திவிட்டுப் புத்தகத்தை எடுத்தார். படிக்க அல்ல, எண்ண. பதினோரு மடிப்பு. இத்தனை வருஷத்தில் எந்தப் புத்தகத்திலும் நான்கைத் தாண்டியதில்லை. பதினோரு தடவை சிரப்பை நினைத்திருக்கிறாள் என்று அவர் மனசு கணக்கை முடித்துக்கொண்டது.

மறுநாள் செருப்பு அலமாரியிலிருந்து கொலைக்கதையை எடுத்துத் தூசி தட்டினார். இனிக்க இனிக்கப் பேசும் ஒரு தையல்காரனைக் கொலைகாரன் அவன் கடைக்குள்ளேயே குத்திப்போடும் பக்கத்தைத் தேடிப்பிடித்து, மூலையை நகத்தால் அழுத்தி மடித்தார். நேராக மருந்துக்கடைக்குப் போய்க் கவுண்டரில் வைத்தார். மடித்த இடத்தை மறக்காமல் படியுங்கள் என்று மட்டும் சொன்னார். சிரப் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, வயிற்று எரிச்சல் இப்போது தேவலையா என்று விசாரித்தார். இல்லை, கூடியிருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தார்.

இரண்டு நாள் கழித்து மனைவி அந்தப் புத்தகத்தோடு வீட்டுக்கு வந்தாள். சாருக்கு என்மேல் ஏதாவது வருத்தமா என்று கேட்டு சிரப்தான் கொடுத்தனுப்பியிருந்தார். அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"இந்த எடத்துல அவரை நினைச்சீங்க. அப்படித்தானே?"

"நீ மட்டும்? பதினோரு எடத்துல நினைச்சிருக்கியே."

அவள் அவரையே பார்த்தாள். பிறகு, கத்தாமல், துணி மடிப்பதுபோல ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"அவர் வேற பிரதி வச்சிருக்காருங்க. இந்தப் புத்தகம் ரெண்டு மாசமா உங்க தலைமாட்டைத் தாண்டிப் போகல. மடிச்சது யாருக்குன்னு தொறந்து படிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும். பேச ஆள் இல்லாமத்தான் அவர்கிட்டப் பேசினேன்."

அன்றே அவள் தன் கூடப்பிறந்த அக்காவின் வீட்டுக்குப் போய்விட்டாள். பெரிய பையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து பறக்கிற பல்லியைப் படிக்க ஆரம்பித்தார். முதல் ஐம்பது பக்கம் வீம்புக்கு. அப்புறம் டீ ஆறிப்போனது. முதல் மடிப்பில் படகோட்டி தூக்கத்தில் கணக்குப் போட்டு உளறுகிறான், இவரும் உளறுவார். இரண்டாவதில் கோபம் வந்தால் சாப்பிடாமல் கைகழுவுகிறான். இருநூற்றுப் பதினொன்றாம் பக்கத்தில் டிராகனுக்குக் கண் மங்கிவிடுகிறது. படகோட்டி ஆற்றங்கரையில் உட்கார்ந்து, ஒரு படிகக் கல்லை மணலில் தேய்க்கிறான், மழைக்காலம் முழுக்கத் தேய்க்கிறான், டிராகனுக்கு ஒரே ஒரு லென்ஸ் செய்ய. அந்த மூலை மற்றவற்றைவிட ஆழமாக மடிக்கப்பட்டிருந்தது.

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். திரும்பப் போட்டும் எழுத்து தெரியவில்லை.

அப்போதும் உள்ளே ஒன்று புகைந்துகொண்டுதான் இருந்தது. மடித்தது தனக்காகவே இருக்கட்டும். இந்த டிராகன் செத்தபோது அவள் எதிரே நின்றவன் சிரப். அவளோடு சேர்ந்து அழும் முதல் அழுகை அவனுக்குப் போய்விட்டது. அதை இனி யார் நினைத்தாலும் திருப்பி வாங்க முடியாது.

மிச்சமிருக்கும் மடிப்புகளை அவள் இல்லாமல் பிரிக்க மனமில்லை. விரலை அந்தப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு போனை எடுத்தார். முதல் தடவை எடுக்கவில்லை. இரண்டாம் தடவையும் இல்லை. வேறு யாரோடாவது பேசிக்கொண்டிருந்தால் பிஸி என்று வந்திருக்குமே, வரவில்லையே என்று ஓர் அற்ப சந்தோஷம். பேச வேண்டியதை ஒருமுறை சொல்லிப்பார்த்துக்கொண்டார்: நான் இருநூற்றுப் பதினொன்றில் இருக்கிறேன், நீ வந்தால்தான் பக்கம் திருப்புவேன்.

மூன்றாம் தடவை மணி அடித்துக்கொண்டிருக்கிறது.