ஐஸை வெயிலில் உலர்த்துக

எங்கள் அலுவலகக் கணினி முறைமையைப் பற்றி ஆளுக்கொரு புராணம் உண்டு. அதை எழுதியவன் காதலில் தோற்றவன் என்பது ஒன்று. குடிகாரன் என்பது இன்னொன்று. இரண்டுக்கும் சான்றில்லை. ஆகவே நிரலில் நானே வாசித்ததையும், கண்ணால் கண்டதையும், காதால் கேட்டதையும் மட்டுமே எழுதுகிறேன். நம்ப முடியாதவை அவற்றிலேயே போதிய அளவு உள்ளன.

முறைமை நெல் வியாபாரத்துக்காக எழுதப்பட்டது. பின்னர் நிறுவனம் மீன் வாங்கத் தொடங்கியது. துறைமுகத்தருகே ஐஸ் ஆலையும் திறந்தது. புதிதாக எழுதச் சோம்பிய எவரோ நிரலில் ‘நெல்’ என்றிருந்த இடமெல்லாம் ‘பொருள்’ என மாற்றியிருக்கிறார். பெயர் பொதுவாயிற்று, உள்ளே நெல் அப்படியே கிடந்தது. எதை வாங்கினாலும் விற்றாலும் அதன் ஈரப்பதத்தைக் கேட்கும். ஐஸுக்கும், நன்கு உலர்ந்த நெல்லுக்குரிய பதின்மூன்று வீதம் என்று அடிப்பது எங்கள் மரபு.

ஆலையின் விற்பனைக் கருமபீடத்துக்குப் புதிதாக வந்த பெண்ணிடம் இம்மரபை எவரும் சொல்லவில்லை. ஒரு முற்பகல், சம்பூர்ப் படகுக்காரர் ஒருவருக்கு ஐஸ் விற்கையில், அவள் மனச்சாட்சிப்படி நூறு என்று அடித்தாள்.

‘ஈரப்பதம் அதிகம். வெயிலில் உலர்த்தி மீண்டும் கொண்டுவரவும்’ என்றது திரை. அவள் அதை உரக்க வாசித்தாள்.

ஐஸ் ஏற்கெனவே லொறியில் உருகிக்கொண்டிருந்தது. உச்சிக்கு முன் படகு புறப்படாவிட்டால் அவருக்கு அன்று தொழில் இல்லை.

“என்ன பிள்ளை, ஐஸைக் காயவைக்கவோ? காய்ஞ்சாப்பிறகு என்னத்தைக் கொண்டு வாறது, வெறும் லொறியையோ?”

“நான் என்ன செய்ய? கொம்பியூட்டர் அப்பிடித்தான் சொல்லுது.”

“அதை ஒருக்கா என்ர படகில ஏத்துங்கோ. ஈரமெண்டா என்னெண்டு காட்டிவிடுறன்.”

முறைமையைப் பராமரிப்பவன் என்பதால் என்னை அழைத்தார்கள். “பதின்மூண்டு எண்டு அடியுங்கோ தங்கச்சி” என்றேன்.

“ஐஸில பதின்மூண்டோ? பொய் அடிக்க ஏலாது அண்ணா.”

அவள் சொன்னது சரி. ஐஸுக்கு மட்டும் அந்தச் சோதனையை நிரலிலிருந்து நீக்கினேன். விற்பனைச் சிட்டை அச்சாகி வந்தது, ஆனால் ஆலை வாசலில் லொறியை மறிக்கும் தடுப்பு உயரவில்லை. அதை இயக்குவதும் இதே முறைமைதான். உலர்ந்ததெல்லாம் நெல், மற்றதெல்லாம் மீன் என்பது அதன் சித்தாந்தம். மீனென்றால், பிடித்த படகு கரைக்கு வந்திருக்க வேண்டும். அவருடைய படகோ இன்னும் கடலுக்கே போகவில்லை. பிடிபடாத மீனை வெளியே விட அது மறுத்தது.

“தம்பி, நான் ஐஸ் வாங்க வந்தனான். நீங்கள் குளிர்தண்ணி தந்து அனுப்பப் போறியள்.”

நீக்கிய சோதனையைத் திரும்பச் சேர்த்தேன். அந்தப் பெண் விசைப்பலகையை என் பக்கம் தள்ளினாள்.

“பொய்யை நீங்களே அடியுங்கோ.”

பதின்மூன்று என்று அடித்தேன். தடுப்பு உயர்ந்தது. முறைமையின்படி நன்கு உலர்ந்த நெல்லாகிய அச்சுமை, வீதி நெடுகத் தண்ணீர் சொட்டச் சொட்ட இறங்குதுறைக்குப் போயிற்று. படகு புறப்பட்டதை நானே பார்த்தேன்.

எஞ்சிய ஐஸ் அவருடைய மீனுக்குப் போதியதா என்று எனக்குத் தெரியாது. அந்தப் பதின்மூன்றை நம்பி முறைமையில் இன்னும் எவையெல்லாம் இயங்குகின்றன என்பதும் தெரியாது.